வளைந்த தண்டுகளுக்கு நான் கொடுத்த விலை

பழைய சைக்கிள் பிரேம் ஒன்றை 780 பவுண்டுக்கு வாங்கினேன். அது சாலையில் ஓடத் தொடங்கியபோது கணக்கு 1,925 பவுண்டில் நின்றது. இடையில் ஒரு குளிர்காலமும் ஒரு வசந்தமும் போயிருந்தன. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். யாரிடம் கேட்பது, கேட்டால் எவர் உண்மையைச் சொல்வார் என்று தெரியாமல் தனியாக விழித்துக்கொண்டிருந்த இரவுகள்தான் என்னை அதிகம் படுத்தின. இந்த பிரேமின் அழகைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். பெயின்ட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது, சொன்னது ஒன்றும் வந்தது வேறொன்றுமாக இருந்தால் என்ன செய்வது என்று எழுதியவரை நான் காணவில்லை. இங்கிலாந்தில் வாழும் தமிழர்களில் என்னைப் போலப் பழைய சைக்கிள் பித்துப் பிடித்தவர்கள் சிலராவது இருப்பார்கள். அவர்களுக்காக இது.

நான் வாங்கியது ஹெட்சின்ஸ். ரஷ்யாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ஹைமன் ஹெட்சின், வடக்கு லண்டனின் டோட்டன்ஹாமில் நடத்திய கடையின் பெயர் அது. அவருக்கு பிரேம்களைக் கட்டிக்கொடுத்தவர் ஜாக் டென்னி. எந்த சைக்கிளை எடுத்துக்கொண்டாலும் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் தண்டுகள் நான்கு: சக்கரத்தின் அச்சிலிருந்து பெடல் அச்சுக்கு வரும் இரண்டு, அதே அச்சிலிருந்து சீட்டுக்கு ஏறும் இரண்டு. மற்ற சைக்கிள்களில் அவை நேர்க்கோடாக இருக்கும். ஹெட்சின்ஸில் நான்கும் வளைந்து, திரும்ப வளைந்து போகும். 1930களின் நடுவில் வந்த வடிவம் இது. குழாய்கள் சேரும் இடங்களில் மாட்டும் எஃகு உறைகளை லக் என்பார்கள். அவற்றையும் கொடியும் சுருளுமாக அரத்தால் ராவி வைத்திருப்பார்கள். முதன்முதலில் ஒரு சைக்கிள் சந்தையில் பார்த்தபோது, விபத்தில் வளைந்த வண்டியை இவ்வளவு அழகாக எவன் பெயின்ட் அடித்தான் என்றுதான் நினைத்தேன். அதன் பிறகு அது மனதை விட்டுப் போகவே இல்லை.

ஏன் வளைத்தார்கள் என்பதற்கு இரண்டு பதில்கள் உண்டு. சாலையின் அதிர்வை வளைவு வாங்கிக்கொள்ளும், மிதிக்கும் விசையை மட்டும் வீணாக்காது என்று சொல்லி விற்றார்கள். மற்றொரு காரணம் இன்னும் சுவையானது. அக்காலப் பிரிட்டனில் அமெச்சூர் பந்தயங்களில் விளம்பரத்துக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. வண்டியில் தயாரிப்பாளரின் பெயர் தெரியும்படியான பந்தயப் படங்களைப் பத்திரிகைகள் தவிர்த்தன. பெயரைக் காட்ட முடியாவிட்டால் வடிவத்தையே பெயராக்கிவிட வேண்டியதுதான். பிராட்ஃபர்டில் பெயின்ஸ் சகோதரர்கள், இன்றைக்கு ‘ஃப்ளையிங் கேட்’ என்று அழைக்கப்படும் விசித்திரத்தைக் கட்டினார்கள். லண்டனில் பேட்ஸ், நடுவில் பருத்த குழாய்களையும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் இரட்டை வளைவையும் போட்டார். தூரத்திலிருந்து எடுத்த மங்கலான படத்திலும் இவை எவருடைய வண்டிகள் என்று தெரிந்துவிடும். அதிர்வுக் கதையை நான் நம்பவில்லை. ஓட்டிப் பார்த்த பிறகும் நம்பவில்லை. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் கிடைக்கும் சுகம் அந்த வளைவில் கிடைக்காது. ஆகவே சுகமான சவாரிக்காக இதை வாங்க நினைப்பவர் இப்போதே விலகிக்கொள்ளலாம். கண்ணுக்காக வாங்குவது இது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தேடத் தொடங்கியதும் முதலில் இடித்தது அளவு. பிரிட்டிஷ் பிரேம்களைச் சீட் குழாயின் நீளத்தை வைத்து அங்குலத்தில் சொல்வார்கள். சந்தைக்கு வருவதில் பெரும்பாலானவை 22, 23 அங்குலம். என் கால்களுக்கு 21 அங்குலத்துக்கு மேல் போனால் ஏறி இறங்குவதே வித்தையாகிவிடும். சிறிய பிரேம் அரிதாகத்தான் வரும். வரும்போது அவசரமும் கூடவே வரும். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஹெட்சின்ஸின் மாக்னம் ஓபஸ் போன்ற அலங்கார உச்சங்களுக்கு என் பையில் இடமில்லாததால், லக் வேலை குறைந்த 1950களின் பிரேம் ஒன்றைத்தான் தேடினேன்.

ஏல நிறுவனங்களையும் பார்த்தேன். சுத்தியல் விழும் விலையோடு கணக்கு முடிவதில்லை. அதற்கு மேல் வாங்குபவர் கமிஷன், அந்தக் கமிஷன் மீது வாட் வரி, அனுப்புகிற செலவு என்று ஏறிக்கொண்டே போகும். ஏலத்துக்குப் போகிறவர் தன் உச்ச விலையை இவை எல்லாவற்றையும் சேர்த்தே முடிவு செய்துகொள்ள வேண்டும். இன்னொன்றையும் அப்போதே கவனித்தேன். முழு சைக்கிளாக விற்கும்போது 1,400 பவுண்டுக்குப் போகும் வண்டியைப் பிரித்து, பிரேம் தனி, சக்கரம் தனி, பெடல் மாட்டும் கிராங்க் தனி என்று விற்றால் மொத்தம் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது. அதனால்தான் வெறும் பிரேம்கள் இத்தனை சந்தையில் அலைகின்றன. பிரேமை வாங்கி, காலத்துக்கு ஏற்ற பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது சிக்கனம் என்று நினைப்பவர்கள், ஓடுகிற நிலையில் இருக்கும் முழு வண்டிகளின் விலையை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும். எனக்குத் தேவையான அளவில் முழு வண்டி அப்போது கிடைக்கவில்லை. பிரேம்தான் கிடைத்தது.

விளம்பரத்தில் படங்கள் தாராளமாக இருந்தன. எல்லாம் செயின் இருக்கும் வலப்பக்கத்திலிருந்து எடுத்தவை. பெண் பார்க்க அனுப்பும் போட்டோ மாதிரி, ஒரே கோணத்தில், நல்ல வெளிச்சத்தில். கரும்பச்சை பெயின்ட் பளபளவென்று இருந்தது. முழுமையாகப் புதுப்பித்தது, நேராக இருக்கிறது, ஃபோர்க் அதற்கே உரியது, சீட்டைத் தாங்கும் தண்டான சீட் பில்லரும் இலவசம் என்று விற்பவர் எழுதியிருந்தார். இடப்பக்கப் படம் கேட்டேன். ஒன்று அனுப்பினார், கொஞ்சம் மங்கலாக. விபத்தில் பட்டதா என்று எழுத்தில் கேட்டேன். இல்லை என்று எழுத்திலேயே பதில் வந்தது. பிரேம் எண்ணையும் ஃபோர்க்கின் உள்தண்டில் இருக்கும் எண்ணையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பிரேம் எண் மட்டும் வந்தது. ஃபோர்க்கைக் கழற்றினால் புது பெயின்ட் உரிந்துவிடும், ஆனால் அது இதே பிரேமுடையதுதான் என்றார். நேரில் போய்ப் பார்க்க, நாட்டின் மறுகோடிக்கு ரயில் ஏற வேண்டும். அதற்குள் இன்னொருவர் பணத்தோடு நிற்கிறார் என்று செய்தியும் வந்தது. அந்த இன்னொருவர் எல்லா விற்பனையிலும் நிற்கிறார்.

பணம் அனுப்பும் கட்டத்தில் அவர் ஒரு கோரிக்கை வைத்தார். இணையப் பணப் பரிமாற்றச் சேவையில் ‘நண்பர்கள், குடும்பத்தினர்’ என்ற வகையில் அனுப்பினால் கட்டணம் மிச்சம் என்றார். முடியாது, பொருள் வாங்கும் வகையில்தான் அனுப்புவேன், அந்தக் கட்டணத்தை நானே தருகிறேன் என்று நின்றுவிட்டேன். இந்த விவகாரம் முழுவதிலும் எனக்கு மிக அதிகம் உதவியது இந்தப் பிடிவாதம்தான். குடும்பத்தினர் வகையில் அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. பொருள் வகையில் அனுப்பினால், சொன்னபடி பொருள் இல்லை என்று புகார் செய்ய நான் பயன்படுத்திய சேவை 180 நாள் தருகிறது. விளம்பரத்தின் எல்லாப் படங்களையும் வாசகங்களையும் நகல் எடுத்து வைத்ததும் பின்னால் கைகொடுத்தது. விற்பனை முடிந்ததும் விளம்பரம் மறைந்துவிட்டது.

பெட்டி வந்த அன்று மகிழ்ச்சி அரை மணி நேரம் நீடித்தது. முதலில் கண்ணில் பட்டது பேக்கிங். பின்சக்கரம் மாட்டும் இரண்டு முனைகளுக்கு இடையில் எதுவும் செருகாமல் வெறும் அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார். மேலே ஒரு பெட்டி விழுந்தாலே அந்த முனைகள் உள்ளே மடங்கிவிடும். பழைய சக்கர அச்சு ஒன்றையோ மரையிட்ட கம்பியையோ முன்னும் பின்னும் நட்டுப் போட்டு இறுக்கித்தான் அனுப்ப வேண்டும் என்று பணம் தருவதற்கு முன்பே விற்பவரிடம் சொல்லுங்கள். கூரியரின் இழப்பீட்டு விதிகளையும் படித்துவிடுங்கள். பழம்பொருள் என்றால் கைவிரிக்கும் நிறுவனங்கள் உண்டு. என் அதிர்ஷ்டம், வழியில் எதுவும் ஆகவில்லை. ஆகவேண்டியதெல்லாம் ஏற்கெனவே ஆகியிருந்தது.

குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் சிறு காந்தம் ஒன்றை எடுத்துக் குழாய்கள் எல்லாவற்றின் மீதும் மெல்ல நகர்த்தினேன். எங்கும் நன்றாகப் பிடித்தது. சீட்டுக்கு ஏறும் இடப்பக்கத் தண்டின் வளைவில் மட்டும், விரல் நீளத்துக்கு, வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. அங்கே பெயின்ட்டுக்கு அடியில் இருப்பது எஃகு இல்லை, பள்ளத்தை அடைத்து மறைக்கும் பட்டி. நகத்தால் தட்டினால் மற்ற இடங்களில் கணீரென்று கேட்டது, அங்கே மட்டும் மொத்தையாக. அடிவயிறு கலங்கியது. வளைந்த தண்டுக்குள் பட்டி இருக்கிறது என்றால் அங்கே நசுங்கல் இருந்திருக்க வேண்டும், அல்லது விரிசல்.

அடுத்து நூல் சோதனை. பின்முனை ஒன்றில் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் நுழையும் தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மற்றப் பின்முனையில் இறுக்கிக் கட்ட வேண்டும். இரண்டு பக்க நூலுக்கும் சீட் குழாய்க்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஓரிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தை மன்னிக்கலாம். என்னுடையதில் ஆறு. இந்தச் சோதனைக்குச் செலவு நாலைந்து முழம் நூல். விற்பவரிடமே செய்யச் சொல்லி வீடியோ கேட்கலாம். மறுத்தால் அதுவே பதில். தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேல்குழாய்க்கும் சாய்குழாய்க்கும் அடிப்புறத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பதும் முக்கியம். முன்னால் எங்காவது மோதிய பிரேமில் அந்த இடத்தில் சிறு புடைப்போ சுருக்கமோ கைக்குத் தட்டுப்படும். புதுப் பெயின்ட் கண்ணை ஏமாற்றும். விரல் அவ்வளவு எளிதில் ஏமாறாது. அங்கே மட்டும் என் பிரேம் சுத்தமாக இருந்தது.

ஃபோர்க்கைக் கழற்றினேன். அக்காலத்துப் பிரிட்டிஷ் பிரேம் கட்டுநர்கள் பலர் பிரேமில் அடித்த எண்ணையே ஃபோர்க்கின் உள்தண்டிலும் அடித்து வைப்பது வழக்கம். என் ஃபோர்க்கில் வேறொரு எண் இருந்தது. வேறொரு வண்டியின் ஃபோர்க். அதன் வண்டி எங்கே, இதன் ஃபோர்க் எங்கே, எந்த மோதலில் பிரிந்தன, ஒன்றும் தெரியாது. எண் பொருந்தாத பிரேமை வாங்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். எழுபது ஆண்டில் ஒரு ஃபோர்க் மாறுவது இயல்பு. ஆனால் எண் பொருந்தும் பிரேமின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. ரெனால்ட்ஸ் 531 என்ற ஸ்டிக்கரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். பர்மிங்காம் ரெனால்ட்ஸ் 1935இல் கொண்டுவந்த அந்த மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகுக் குழாய் உண்மையிலேயே அருமையானது. ஆனால் ஸ்டிக்கரின் மறுபதிப்பு சில பவுண்டுக்குக் கிடைக்கிறது. அதைவிட நம்பகமான சாட்சி சீட் பில்லரின் விட்டம். இரு முனைகளிலும் தடித்து நடுவில் மெலிந்த 531 குழாய் என்றால் பொதுவாக 27.2 மி.மீ. பில்லர் நுழையும். அதைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவான பில்லர்தான் நுழைகிறது என்றால் குழாய் தடித்த மலிவு ரகமாக இருக்கலாம், அல்லது மேல்முனை நசுங்கியிருக்கலாம்.

அந்தச் சோதனையை என்னால் செய்ய முடியவில்லை. இலவசமாக வந்த சீட் பில்லர் அசையவே இல்லை. அலுமினியப் பில்லரும் எஃகுக் குழாயும் பல ஆண்டு ஈரத்தில் ஒன்றோடொன்று இறுகிப்போயிருந்தன. இலவசம் என்று அவர் சொன்னதன் பொருள் அன்றுதான் விளங்கியது. பில்லரும் ஹேண்டில் தண்டும் தாராளமாக அசைகின்றனவா என்று வாங்குவதற்கு முன் கேட்டே ஆக வேண்டும். பில்லரின் உயரத்தை மாற்றி வைத்து இரண்டு படம் அனுப்பச் சொல்லுங்கள்.

விற்பவருக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். தான் தனிநபர், இருக்கிற நிலையில் விற்றது, வாங்கியவர் பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்று நான்கு வரி வந்தது. இங்கே சட்டம் இப்படி: கடைக்காரரோ வியாபாரியோ விற்றால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும். பொருள் தரமாக இருக்க வேண்டும், குறை இருந்தால் முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். தனிநபர் விற்றால் தரத்துக்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் சொன்ன வர்ணனைக்கு அவர் பொறுப்பு. விபத்தில் படவில்லை, ஃபோர்க் இதனுடையதே என்று எழுத்தில் சொல்லியிருந்தால், அது பொய்யானால், ‘இருக்கிற நிலையில்’ என்ற வாசகம் அவரைக் காப்பாற்றாது. அதனால்தான் கேள்விகளைத் தொலைபேசியில் கேட்காமல் எழுத்தில் கேட்க வேண்டும். பேச்சில் கேட்ட உறுதி காற்றோடு போய்விடும்.

அந்தக் கோபத்தில் அவருடைய பழைய விற்பனைகளைப் புரட்டினேன். புதுப் பெயின்ட் அடித்த பிரேம்கள் வரிசையாக இருந்தன. மாதந்தோறும் பிரேம்களை வாங்கிப் பெயின்ட் அடித்து லாபத்துக்கு விற்பவர், தன்னைத் தனிநபர் என்று எழுதிக்கொண்டதாலேயே தனிநபராகிவிட மாட்டார். இதைச் சுட்டிக்காட்டி, பணப் பரிமாற்றச் சேவையில் புகார் பதிந்து, தீராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போவேன் என்று முறைப்படி ஒரு கடிதமும் அனுப்பினேன். இங்கிலாந்தில் 10,000 பவுண்டுக்கு உட்பட்ட பணவழக்கை வழக்கறிஞர் இல்லாமலே இணையத்தில் தொடுக்கலாம். கடிதம் போன பிறகு அவர் தொனி மாறியது. பிரேமைத் திருப்பி அனுப்பினால் முழுப் பணம், வைத்துக்கொண்டால் 250 பவுண்டு திரும்பத் தருவதாகச் சொன்னார்.

திருப்பி அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அது திரும்பிப் போனால் மீண்டும் ஒரு பட்டி, மீண்டும் ஒரு பளபளப்பு, மீண்டும் எவரோ ஒருவர். அந்தத் தண்டு ஓடும்போது உடைந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தேன். நேர்மையாகச் சொன்னால் அது மட்டும் காரணமில்லை. என் அளவில் இன்னொன்று எப்போது வரும் என்ற ஆசையும்தான். 250ஐ வாங்கிக்கொண்டேன்.

வெட்ரன்-சைக்கிள் கிளப் என்று 1955இல் தொடங்கிய சங்கம் ஒன்று இங்கே உண்டு. ஒவ்வொரு தயாரிப்புக்கும் அதையே உயிராக நினைக்கும் ஒரு தன்னார்வலர் அங்கே இருப்பார். எண்ணைக் கொடுத்தால் ஆண்டையும் மாடலையும் சொல்லிவிடுவார்கள். வாங்குவதற்கு முன்பே உறுப்பினராகி விடுங்கள். சந்தா, ஒரு சீட் பில்லரைப் பிடுங்கும் செலவைவிடக் குறைவு. அங்கே விசாரித்ததில்தான் வயதான பிரேம் கட்டுநர் ஒருவரின் பட்டறைக்குப் போனேன். ரசாயனம் போட்டுப் பெயின்ட்டை உரித்தார். இடப்பக்கத் தண்டின் வளைவில் நசுங்கலும், அதன் விளிம்பில் விரிசலும், அதற்கு மேல் அரைகுறையாகப் பித்தளை வைத்து அடைத்ததும் வெளியே வந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இதைச் செய்தவன் பித்தளையில் கஞ்சன், பட்டியில் வள்ளல் என்றார்.

நேரான தண்டாக இருந்தால் புதுக்குழாய் வாங்கிப் பற்றவைத்து முடித்திருக்கலாம். இந்த வளைவு எந்தக் கடையிலும் கிடைக்காது. பழுதில்லாத வலப்பக்கத் தண்டை ஒட்டுப்பலகையில் வரைந்து அச்சு செய்து, குழாய்க்குள் உலர்ந்த மணலை இறுக அடைத்து, மடிப்பு விழாமல் சிறிது சிறிதாக வளைத்தார். முதல் குழாய் வளையும்போதே நெளிந்து வீணாயிற்று. வளைந்த தண்டுள்ள பிரேமில் தண்டுகளில் சிறு நசுங்கலுக்கும் விலையைப் பலமாகக் குறைத்துக் கேட்க வேண்டும் என்பது அப்போது புரிந்தது. மற்ற பிரேமில் அது வடு, இதில் ஒரு பட்டறையின் பல நாள் வேலை. பிறகு பிரேமை இரும்பு மேடையில் பூட்டி ஆறு மில்லிமீட்டரைச் சரிசெய்தார்.

சீட் பில்லருக்கு எண்ணெய் ஊற்றி வாரக்கணக்கில் ஊறவைத்தோம். வைஸில் பில்லரைப் பூட்டி, பிரேமையே நெம்புகோலாக்கித் திருப்பிப் பார்த்தோம். காஸ்டிக் சோடா ஊற்றினால் அலுமினியம் கரைந்துவிடும் என்று இணையம் முழுதும் எழுதியிருக்கிறார்கள். கரையும்தான். கூடவே கொதித்துத் தெறிக்கும், தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், கண்ணில் பட்டால் கண் போய்விடும். வீட்டுக் குளியலறையில் செய்யும் வேலையல்ல. அவர் பில்லரின் தலையை அறுத்துவிட்டு, உள்ளே மெல்லிய ரம்பத்தை விட்டு நீளவாக்கில் கீறி, சுருட்டி உரித்தெடுத்தார். உள்ளே அளந்தால் 27.2. அன்று மட்டும் அந்த விற்பனையாளரைக் கொஞ்சம் மன்னித்தேன். இந்த வேலைகளுக்கெல்லாம் சேர்த்து 400 பவுண்டு.

பெயின்ட்டுக்கு முதலில் மலிவாகப் பவுடர் கோட்டிங் விலை கேட்டேன். கட்டுநர் தடுத்தார். சுமார் 200 டிகிரி சூட்டில் வேகவைக்கும் அந்தப் பூச்சால் பற்றவைத்த இணைப்புகளுக்குக் கேடு இல்லை, ஆனால் அது தடிமனாகப் படியும். அரத்தால் மணிக்கணக்கில் ராவிய லக் விளிம்புகள் அதற்குள் மூழ்கிவிடும். மணல் வீச்சால் சுத்தம் செய்பவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். வாயிற்கதவுக்கு அடிக்கும் சொரசொரப்பான மணலை மெல்லிய குழாய் மீது அடித்தால் எஃகே தேயும். நுண்ணிய துகளை, குறைந்த அழுத்தத்தில் என்று சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். நான் சைக்கிள் பிரேம்களுக்கென்றே ஸ்டவ் எனாமல், அதாவது சூட்டில் இறுக்கும் பெயின்ட், அடிக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். காத்திருப்போர் வரிசை நீளம். மாதங்கள் போயின. பெயர் எழுத்துகள் உட்பட 320 பவுண்டு. பெயின்ட் அடிப்பதற்கு முன், வெறும் எஃகாக இருந்த நிலையில், ஒவ்வொரு இணைப்பையும் படமெடுத்து வைத்தேன். இனி எவர் கேட்டாலும் பட்டி இல்லை என்று நான் சொல்ல வேண்டாம், படம் சொல்லும்.

பாகங்கள் தனிக் கதை. கிராங்க் அச்சின் மரை பிரிட்டிஷ் அளவு, வலப்பக்கம் இடமரை. தெரியாமல் வழக்கம்போல இடதுபுறம் திருகிக் கழற்றப் போனால் இன்னும் இறுகும். பின்சக்கர முனைகளுக்கு நடுவே 114 மி.மீ.தான் இடம். பிற்காலச் சாலைச் சைக்கிள்களின் 130 மி.மீ. அச்சு நுழையாது. நேர்த்தண்டு பிரேம்களை அகட்டி வைப்பது போல இதை அகட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை, கட்டுநரும் வேண்டாம் என்றார். பழைய ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் அச்சு ஒன்றைத் தேடி எடுத்தேன். இதே வகை பிரேமுக்கு அதுவே பொருத்தம், பராமரிப்பும் குறைவு. சக்கரத்தில் 27 அங்குலத்துக்கும் இன்றைய 700சி அளவுக்கும் ஆரத்தில் 4 மி.மீ. வித்தியாசம். பிரேக் கட்டை அவ்வளவு கீழே இறங்குமா என்று அளந்த பிறகே சக்கரம் வாங்குங்கள். 700சிக்கு டயர் வகை அதிகம் கிடைக்கிறது, பிரேக் எட்டுமானால் அதுவே நல்லது. பாகங்களுக்கு மொத்தம் 640 பவுண்டு ஆயிற்று. ஒரே நாளில் கொடுத்திருந்தால் பதறியிருப்பேன். பத்தும் இருபதுமாகப் போனதால் தெரியவில்லை. ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அனுப்பும் செலவு 35 பவுண்டைக் கூட்டி, திரும்ப வந்த 250ஐக் கழித்தால்தான் நான் முதலில் சொன்ன 1,925 வரும்.

வண்டி நன்றாக ஓடுகிறது. வேறு வண்டியின் ஃபோர்க் என்றாலும் கையை எடுத்தால் நேராகப் போகிறது. அதற்கே உரிய எண்ணுள்ள ஃபோர்க் எங்காவது ஒரு கொட்டகையில் கிடக்கிறதா என்று சங்கத்தில் சொல்லி வைத்திருக்கிறேன், கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை. வீட்டுக் காப்பீட்டில் இதைத் தனியாகக் குறிப்பிட்டு, ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற முறையில் பதிந்துவிட்டேன். அப்படிப் பதியாவிட்டால் திருடு போனபிறகு பழைய இரும்பின் விலைதான் பேசுவார்கள். பிரேம் எண்ணை, சைக்கிள்களைப் பதிந்துவைக்கும் பைக்ரெஜிஸ்டர் தரவுத்தளத்திலும் ஏற்றியாயிற்று. ரசீதுகள், விளம்பரத்தின் நகல், விற்பவரின் நான்கு வரிக் கடிதம், வெற்று எஃகின் படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. என்றாவது இதை விற்க நேர்ந்தால் ஃபோர்க் மாறியது, இடத்தண்டு புதியது என்று விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதி, அந்தக் கோப்பையும் கூடவே கொடுப்பேன். சீட் பில்லர் இலவசமில்லை.